லாயிட் லோரின் கையெழுத்து

எங்கள் வீட்டில் மாண்டலின் என்பது ஒரு மனிதரின் பெயருக்கு முன்னால் வரும் சொல். திருச்சியில் அப்பாவின் டேப் ரெக்கார்டருக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த கேசட் அட்டைகளில் ‘மாண்டலின்’ ஸ்ரீநிவாஸ் என்று போட்டிருக்கும். அந்தக் கருவி ஆந்திராவில் பிறந்தது என்றே பத்து வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தாலி என்று யாரோ சொன்னபோது நம்பவில்லை. கேசட்டில் அது பாடியது, ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்கு வழுக்கிக்கொண்டு போனது. இத்தாலிக்காரனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

2016-ல் வேலைக்காக வட கரோலினாவின் ராலே நகரத்துக்கு வந்தேன். 2013 முதல் 2024 வரை புளூகிராஸ் இசைக்கான பெரிய விழா அங்கேதான் நடந்தது. இலையுதிர் காலம் தொடங்கும்போது நகர மையத்தில் ஃபயட்வில் தெருவை அடைத்து மேடை போட்டுவிடுவார்கள். புளூகிராஸ் என்றால் என்னவென்றே தெரியாமல், இலவசம் என்பதால் போனேன். ஒரு மேடையில் ஒருவர் மாண்டலின் வைத்திருந்தார். பழுப்பும் தேன் நிறமும் கலந்த மரம், ஒரு பக்கம் சங்குபோலச் சுருண்ட கொம்பு, வயலினில் இருக்கிற மாதிரி எஃப் வடிவத் துளைகள். பாட்டு ஆரம்பித்ததும் அவர் வழுக்கவும் இல்லை, பாடவும் இல்லை. தாளத்தின் எதிரடியில் ‘சக்’ என்று ஒரு வெட்டு, அவ்வளவுதான். தந்தி முழுதாக ஒலிக்கும் முன்பே இடது கை விரல்கள் அதை அடக்கிவிடுகின்றன. தவில்காரர் வராத கச்சேரியில் நாகஸ்வரக்காரரே தவிலும் வாசித்தால் எப்படி இருக்கும், அப்படி.

எட்டு வருடம் கழித்து, அந்த வெட்டுக்காக எட்டாயிரம் டாலர் தனியாக எடுத்து வைத்திருந்தேன். இதற்கிடையில் மலிவான மாண்டலின் ஒன்றை வாங்கி, வாரம் ஒருமுறை நடக்கும் கூட்டு வாசிப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஏதோ தேறியிருந்தேன். அம்மாவிடம் போனில் சொன்னபோது, “நம்ம காசுல ஏழு லட்சம் வருமாடா? மரப்பெட்டிக்கா?” என்றாள். மரப்பெட்டிக்குத்தான்.

கையால் செய்த நல்ல மாண்டலின் தேடுகிற எவரும் இரண்டே நாளில் ஒரு பெயரில் வந்து முட்டிக்கொள்வார்கள். லாயிட் லோர். அமெரிக்காவில் ஒரு லூத்தியர் (தந்திவாத்தியம் செய்கிறவரை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள், நம் ஊரில் ஆசாரி என்போம்) தன் கருவியை விவரிக்க ஆரம்பித்தால் மூன்றாவது வாக்கியத்தில் லோர் வந்துவிடுவார். ‘லோர் அளவுப்படி செய்தது’, ‘லோரைவிடக் கொஞ்சம் திறந்த குரல்’, ‘லோரின் வார்னிஷ்’. தங்கம் விலை சொல்ல சவரன் இருப்பதுபோல, இந்த உலகத்துக்கு 1922 முதல் 1924 வரை மிச்சிகன் மாநிலத்தில் ஒரு தொழிற்சாலையில் செய்யப்பட்ட சில நூறு மாண்டலின்கள் இருக்கின்றன. இன்று அவற்றில் ஒன்றை வாங்க ஒரு லட்சம் டாலருக்கு மேல் வேண்டும். அந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் எதையும் ஒப்பிடக்கூடாது என்று முடிவு செய்தேன். வாங்குவதைத் தள்ளிப்போட எஞ்சினியர்கள் கண்டுபிடிக்கும் காரணங்களில் இது கௌரவமானது.

*

மாண்டலின் நேப்பிள்ஸ்காரர்களின் வாத்தியம். 18-ஆம் நூற்றாண்டில் வினாச்சியா என்ற குடும்பம் அதைச் செய்தது. முதுகுப்புறம் குடம்போல உருண்டிருக்கும். மெல்லிய மரப்பட்டிகளை வளைத்து, ஒன்றோடொன்று ஒட்டிச் செய்த குடம். வயலினின் அதே நான்கு ஸ்வரங்களுக்குச் சுருதி கூட்டிய தந்திகள், ஆனால் ஒவ்வொன்றும் இரட்டை. 19-ஆம் நூற்றாண்டில் அதே குடும்பத்தின் பஸ்குவாலே வினாச்சியா எஃகுத் தந்திகளுக்கு ஏற்றபடி அதை வலுவாக்கினார்.

அமெரிக்காவுக்கு அது வந்த கதையில் ஒரு ஆள்மாறாட்டம் உண்டு. 1880-ல் ‘ஸ்பானிஷ் மாணவர்கள்’ என்று ஒரு குழு நியூயார்க்குக்கு வந்து வாசித்தது. பெரிய வரவேற்பு. அவர்கள் வாசித்தது பந்தூரியா என்ற வேறொரு ஸ்பானிய வாத்தியம். அங்கே குடியேறியிருந்த இத்தாலிய இசைஞர்கள் யோசித்தார்கள். நம்மிடம் இருக்கும் மாண்டலினும் பார்க்க ஏறக்குறைய அப்படித்தானே இருக்கிறது, ஸ்பானிய உடை போட்டுக்கொண்டு போனால் யாருக்குத் தெரியும்? போனார்கள், யாருக்கும் தெரியவில்லை. அடுத்த முப்பது வருடம் அமெரிக்காவில் மாண்டலின் பைத்தியம் பிடித்தது. கல்லூரிக்குக் கல்லூரி, ஊருக்கு ஊர் மாண்டலின் குழுக்கள்.

அந்தக் காலத்தில் மிச்சிகனின் கலமசூ நகரத்தில் செருப்புக் கடைச் சிப்பந்தியாக வேலை பார்த்தவர் ஓர்வில் கிப்சன். 1856-ல் பிறந்தவர். அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது: வளைத்து ஒட்டிய மரம் இறுக்கத்தில் இருக்கும், இறுக்கத்தில் இருக்கும் மரம் சரியாகப் பாடாது. எனவே மேல்பலகையையும் அடிப்பலகையையும் வயலினைப்போல வளைவாகச் செதுக்கினார். பக்கச் சுவர்களையும் வளைக்காமல் கட்டையிலிருந்தே குடைந்து எடுத்தார். தஞ்சாவூரில் ஒரே பலாக்கட்டையில் குடைந்து ஏகாண்ட வீணை செய்கிறவர்கள் இதைக் கேட்டால் தலையாட்டியிருப்பார்கள். 1898-ல் ஓர்விலுக்குக் காப்புரிமை கிடைத்தது. 1902-ல் உள்ளூர் வியாபாரிகள் ஐந்து பேர் சேர்ந்து அவர் பெயரில் நிறுவனம் தொடங்கினார்கள். பெயருக்கும் காப்புரிமைக்கும் அவருக்குக் கொடுத்தது 2,500 டாலர். கொஞ்ச காலத்திலேயே நிறுவனம் குடைந்த சுவரைக் கைவிட்டு, மரத்தை வளைத்து ஒட்ட ஆரம்பித்துவிட்டது. அதுதான் சீக்கிரம் முடிகிற வேலை. ஓர்வில் 1918-ல் இறந்தார். கிப்சன் என்ற பெயர் இன்னும் கிட்டார்களின் தலையில் இருக்கிறது, அவருடைய பிடிவாதத்தில் பாதி மட்டும் உள்ளே இருக்கிறது.

புதிய கிப்சன் மாண்டலின்களுக்குத் தட்டை முதுகு. பழைய குடவடிவ மாண்டலின்களை அமெரிக்கர்கள் உருளைக்கிழங்கு வண்டு என்று கேலி செய்தார்கள். நிறுவனம் ஊர் ஊராக இசை ஆசிரியர்களையே முகவர்களாக்கி, தவணையிலும் விற்றது. அமெரிக்காவில் குடம் உடைந்தது அப்படித்தான்.

*

லோர் 1919-ல் கிப்சனில் சேர்ந்தார். மரவேலைக்காரர் இல்லை, மேடையில் வாசித்தவர். இசை படித்தவர், அதோடு ஒலியியலில் பித்து. அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று. நான் ராலேக்கு வந்த வயதைவிடக் கொஞ்சம் அதிகம். அவருடைய கேள்வி எளிமையானது. வயலினுக்கு இருக்கும் கௌரவம் மாண்டலினுக்கு ஏன் இல்லை?

1922-ல் வந்த எஃப்-5 அதற்கான பதில். நடுவில் இருந்த வட்டத் துளை போய், இரண்டு பக்கமும் வயலினின் எஃப் துளைகள் வந்தன. கழுத்து நீண்டது. முன்பு பன்னிரண்டாவது மெட்டில் உடலைத் தொட்ட கழுத்து இப்போது பதினைந்தாவது மெட்டில் தொட்டது. இதனால் மேல் ஸ்வரங்களுக்கு விரல் எட்டியது. அதைவிட முக்கியம், தந்தி ஏறி நிற்கும் குதிரை உடலின் நடுப்பகுதிக்கு நகர்ந்தது. தோல் வாத்தியத்தில் ஓரத்தில் தட்டுவதற்கும் நடுவில் தட்டுவதற்கும் என்ன வித்தியாசம் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேல்பலகைக்கு ஸ்ப்ரூஸ், முதுகுக்கு மேப்பிள். பலகையின் உள்பக்கம் நீளவாக்கில் இரண்டு மெல்லிய சட்டங்கள். எட்டுத் தந்திகளும் சேர்ந்து இழுக்கும் இழுவை ஏறக்குறைய எண்பது கிலோ. நடுவில் ஐந்து மில்லிமீட்டரும் ஓரத்தில் மூன்றும் இருக்கும் ஒரு பலகை, ஒரு ஆள் எடையைத் தாங்கிக்கொண்டு, நுனிவிரல் தட்டலுக்கும் அதிர வேண்டும். கனமாக விட்டால் ஊமை, மெலிய வைத்தால் சில வருடங்களில் குழிந்துவிடும். கைவேலை என்று நாம் பேசுவதெல்லாம் அந்தக் கடைசி அரை மில்லிமீட்டரைத்தான். பலகையைத் தட்டி, எழும் ஒலியைக் கேட்டு, எங்கே இன்னும் சீவ வேண்டும் என்று முடிவு செய்வது.

ஒவ்வொரு எஃப்-5-க்குள்ளும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். மேல்பலகை, அடிப்பலகை, சட்டங்கள், உள்ளிருக்கும் காற்றறை எல்லாம் சோதிக்கப்பட்டு, சுருதி கூட்டப்பட்டு, முழுக் கருவியும் வாசித்துப் பார்த்து அங்கீகரிக்கப்பட்டது என்ற பொருளில் அச்சடித்த வரிகள். கீழே தேதி, லாயிட் லோர் என்று கையெழுத்து, ஒலியியல் பொறியாளர் என்று பதவி.

இதன் படத்தை முதலில் பார்த்தபோது சிரித்துவிட்டேன். இது எனக்குத் தெரிந்த காகிதம். மென்பொருளை வெளியிடுவதற்கு முன் டெஸ்டிங் ஆள் போடும் கையெழுத்து. லோர் அந்த மாண்டலின்களைச் செதுக்கவில்லை. வடிவமைத்தார், மேற்பார்வை பார்த்தார், வாசித்துப் பார்த்து ‘போகலாம்’ என்றார். செதுக்கியது கலமசூவின் பார்சன்ஸ் தெருத் தொழிற்சாலையில் காலையில் மணியடித்ததும் உள்ளே போன ஆட்கள். அவர்கள் பெயர் சீட்டில் இல்லை. உலகத்திலேயே விலை உயர்ந்த ‘கைவேலை’ மாண்டலினில் இருக்கும் ஒரே பெயர், அதில் உளி வைக்காத ஒருவருடையது. லோரைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. ‘போகலாம்’ என்று சொல்வதற்கு எவ்வளவு காது வேண்டும் என்று அந்த வேலை செய்த எனக்குத் தெரியும். ஆனால் அந்த அரை மில்லிமீட்டரைச் சீவிய கைக்கு ஒரு பெயர் இருந்திருக்கும் என்பது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

எஃப்-5 விற்கவில்லை. விலை 250 டாலர், அந்தக் காலத்துக்குப் பெரிய தொகை. அதைவிட மோசம், வாத்தியம் தயாரானபோது கச்சேரி முடிந்துவிட்டிருந்தது. மாண்டலின் குழுக்கள் கலைந்து, இளைஞர்கள் ஜாஸுக்கும் அதற்குத் தோதான பாஞ்ஜோவுக்கும் போயிருந்தார்கள். ஒரு நல்ல மென்பொருளை, அது ஓட வேண்டிய இயந்திரத்தை உலகம் தூக்கிப் போட்ட வருடத்தில் வெளியிட்டமாதிரி. 1924 டிசம்பரோடு லோரின் கையெழுத்து நிற்கிறது. அவர் கிப்சனை விட்டுப் போனார். 1930-களில் விவி-டோன் என்று சொந்த நிறுவனம் தொடங்கி மின்சாரத் தந்திவாத்தியங்கள் செய்தார். அதுவும் போகவில்லை. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். 1943-ல் இறந்தார். மரத்தின் கடவுளாக இன்று கும்பிடப்படும் மனிதர் கடைசியில் மின்சாரத்தை நம்பினார் என்பதை, ஸ்ரீநிவாஸ் கேட்டு வளர்ந்த நான் ரகசிய சந்தோஷத்தோடு ஞாபகம் வைத்திருக்கிறேன்.

*

லோர் இறந்து இரண்டொரு வருடத்துக்குள், ஃப்ளோரிடாவின் மயாமியில் ஒரு முடிதிருத்தகத்தின் ஜன்னலில் ஒரு மாண்டலின் விற்பனைக்கு வைக்கப்பட்டிருந்தது. பக்கமாகப் போன ஒருவர் 150 டாலர் கொடுத்து அதை வாங்கினார். உள்ளே இருந்த தேதி 1923 ஜூலை 9. வாங்கியவர் பில் மன்றோ.

மன்றோ 1911-ல் கென்டக்கியில் ரோசின் என்ற சிற்றூரில் எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தவர். வயலினையும் கிட்டாரையும் அண்ணன்கள் எடுத்துக்கொள்ள, மிச்சமிருந்த மாண்டலின் இவர் கைக்கு வந்தது. அதிலும் சத்தம் அதிகமாகிவிடக்கூடாது என்று எட்டுத் தந்தியில் நான்கைக் கழற்றிவிடச் சொன்னார்களாம். ஸ்ரீநிவாஸும் இரட்டைத் தந்தியைக் கழற்றியவர்தான். இரண்டு தந்தியைச் சேர்த்து இழுத்தால் சுருதி பிசகும், கமகம் வராது. எனவே ஒற்றைத் தந்திகள், ஐந்தாவதாக ஒன்று, நாதம் நீள்வதற்கு மின்சாரம். ஒருவர் அண்ணன்களின் உத்தரவால் கழற்றினார், மற்றவர் ராகத்தின் உத்தரவால். இருவரும் ஒருவரையொருவர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று ராத்திரி பாத்திரம் கழுவும்போது யோசிப்பதுண்டு.

மன்றோ அந்த எஃப்-5-ஐ வைத்துச் செய்தது லோரின் கற்பனையில் இருந்திருக்கவே முடியாது. அவர் குழு 1939 முதல் கிராண்ட் ஓலே ஓப்ரி வானொலி நிகழ்ச்சியில் வாசித்துவந்தது. 1945 கடைசியில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் பாஞ்ஜோவோடு வந்து சேர்ந்தார். வயலின், பாஞ்ஜோ, கிட்டார், பாஸ். ஒரே ஒலிவாங்கியைச் சுற்றி எல்லோரும். அந்த நெரிசலில் கேட்க வேண்டுமென்றால் ஒரு கருவி சத்தமாக இருந்தால் மட்டும் போதாது, சட்டென்று தொடங்கி சட்டென்று நிற்கவும் வேண்டும். நடுவுக்கு நகர்ந்த குதிரையும் எஃப் துளைகளும் சேர்ந்து கொடுத்த உலர்ந்த, குத்தலான ஒலி அதற்குப் பொருந்தியது. நான் ஃபயட்வில் தெருவில் கேட்ட ‘சக்’ அங்கிருந்து வந்தது. அரங்கத்தில் உட்கார்ந்து மோட்ஸார்ட் வாசிப்பதற்காகச் செய்த வாத்தியம், அதைச் செய்தபோது பிறந்தே இராத ஓர் இசைக்குத் தாளமாக மாறியது. அந்த இசைக்கு மன்றோவின் குழுப் பெயரே பெயராகி நின்றது.

அதன் பிறகுதான் எஃப்-5-க்கு விலை ஏறியது. மன்றோவின் ஒலி வேண்டுமென்றால் மன்றோவின் மாண்டலின் மாதிரி ஒன்று வேண்டும் என்று அடுத்த தலைமுறை நம்பியது. அதாவது அளவுகோலை உண்டாக்கியது கலமசூ தொழிற்சாலை மட்டுமில்லை, ஒரு முடிதிருத்தகத்தின் ஜன்னலும்கூட.

அந்த மாண்டலினின் வாழ்க்கையும் சுகமானதாக இல்லை. 1950-களின் தொடக்கத்தில் மன்றோ அதைப் பழுதுபார்க்கச் சொல்லி கிப்சனுக்கே அனுப்பினார். மாதக்கணக்கில் வைத்திருந்து, அவர் கேட்ட வேலைகளில் பலவற்றைச் செய்யாமலே திருப்பி அனுப்பினார்கள். மன்றோ பேனாக்கத்தியை எடுத்து, தலைப்பகுதியில் முத்துச்சிப்பியால் பதித்திருந்த ‘தி கிப்சன்’ என்ற பெயரில் ‘கிப்சனை’ மட்டும் தோண்டி எறிந்தார். ‘தி’ தனியாக நின்றது. 1980-ல் சமாதானமாகி, நிறுவனம் பெயரைத் திரும்பப் பதித்துக்கொடுக்கும் வரை அப்படியே அதை மேடைகளில் வாசித்தார். வாடிக்கையாளர் சேவை பற்றி நான் கேள்விப்பட்ட மிகச் சிறந்த புகார் இது.

*

லோர் மாண்டலின்கள் கைக்கு எட்டாமல் போனதும், கிப்சனின் புதிய மாண்டலின்கள் 1960-களிலும் 70-களிலும் கனத்து ஊமையாகிப்போனதும்தான் இன்றைய தனி லூத்தியர்களை உண்டாக்கியது. பழுதுபார்க்க வந்த லோரைத் திறந்து, காலிப்பர் வைத்து ஒவ்வொரு இடத்திலும் பலகையின் கனத்தை அளந்து, நோட்டில் குறித்துக்கொண்ட தலைமுறை. ரோஜர் சிமினாஃப் அதை எப்படிச் செய்வது என்று 70-களில் புத்தகமே எழுதினார். ஆஸ்திரேலியாவிலிருந்து ஸ்டீவன் கில்க்ரிஸ்ட், நியூயார்க் பக்கத்தில் ஜான் மான்டிலியோனி, டென்னசியில் லின் டூடன்பாஸ்டல். இவர்களில் மான்டிலியோனிக்கு என் மனதில் தனி இடம். லோரை நகலெடுக்காமல் சுருளையே தன் கைக்கு வளைத்துக்கொண்டவர்.

அந்தச் சுருளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எஃப் வகையின் சுருளும் கூர்முனைகளும் ஒலிக்குக் குறிப்பிட்டுச் சொல்லும்படி எதுவும் செய்வதில்லை. தோள்வார் மாட்டலாம், அவ்வளவுதான். அதைக் குடைவதற்கு ஆகும் நாட்கள் விலையில் ஆயிரக்கணக்கான டாலராக ஏறுகின்றன. சுருள் இல்லாத கண்ணீர்த்துளி வடிவத்துக்கு ஏ வகை என்று பெயர். எஃப் துளையோடு ஏ வகையில் லோர் கையெழுத்திட்டது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் தெரியவந்திருக்கிறது. 1923-ல் கிரிஃபித் என்ற பெண்மணிக்காகச் செய்தது. கேட்டவர்கள் அதை எஃப்-5-க்குக் கீழே வைப்பதில்லை. ஆனாலும் புளூகிராஸ் மேடையில் சுருள் இல்லாமல் ஏறினால் தாலி இல்லாமல் கல்யாணத்துக்குப் போனமாதிரி பார்க்கிறார்கள். மன்றோ வாங்கிய ஜன்னலில் ஏ-5 இருந்திருந்தால் எத்தனை பேருக்கு எத்தனை டாலர் மிச்சமாகியிருக்கும்!

ஒப்பிடுவதைக் கலையாகவே செய்தவர்களும் உண்டு. 1994-ல் டேவிட் கிரிஸ்மனும் டோனி ரைஸும் ‘டோன் போயம்ஸ்’ என்று ஒரு இசைத்தட்டு வெளியிட்டார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் வேறு வேறு பழைய மாண்டலின், வேறு வேறு பழைய கிட்டார். நான் அதை ஹெட்போனில் போட்டுக்கொண்டு பல ஞாயிறுகளைச் செலவிட்டேன். எக்செலில் பத்திகள் போட்டேன்: கீழ்த்தந்தி ஆழம், மேல்தந்திக் கூர்மை, நாதம் நிற்கும் நேரம், ‘வெட்டு’. மதிப்பெண் பத்துக்கு. காது தேறிவிட்டது என்று நம்பினேன்.

*

போன வசந்தத்தில் மூன்று மாண்டலின்கள் என் வீட்டில் இருந்தன. இங்கே கடைகளில் மூன்று நாள் வைத்து வாசித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் உண்டு. ஒன்று, தனி ஆளாகப் பட்டறை நடத்தும் ஒருவர் செய்த ஏ வகை. இரண்டாவது, கணினி இயந்திரம் பெரும்பகுதியைச் செதுக்க, மனிதர்கள் முடித்துக்கொடுத்த எஃப் வகை. மூன்றாவது, என் பழைய மலிவு மாண்டலின். மூன்றுக்கும் ஒரே கனத்தில் புதுத் தந்தி மாட்டினேன். கூட்டு வாசிப்பு நண்பர் ஒருவர் படுக்கையறையில் உட்கார்ந்து வாசிக்க, நான் கூடத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுத வேண்டும். எதை எப்போது கொடுப்பது என்று முடிவு செய்கிறவள் என் மனைவி.

பன்னிரண்டு முறை. ஐந்து முறை சரியாகச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தால் நான்கு வந்திருக்கும்.

அதுகூடப் பரவாயில்லை. ஆறாவது, ஏழாவது, எட்டாவது முறைகளுக்கு நான் எழுதியிருந்தது: ‘அடர்த்தி, பழைய மரம் போல’, ‘மேலே கொஞ்சம் தகரம்’, ‘அருமை, இதுதான்’.

“மூணும் ஒண்ணுதான்,” என்றாள்.

“எது?”

“உன் பழசு. சும்மா மாத்தாம குடுத்துப் பாக்கலாம்னு தோணுச்சு.”

நண்பர் படுக்கையறையிலிருந்து வெளியே வரவே இல்லை. மரியாதை தெரிந்த மனிதர்.

அன்றிரவு வயலின் பரிசோதனைகளைத் தேடிப் படித்தேன். 2010-ல் இண்டியானாபொலிஸில் கிளாடியா ஃபிரிட்ஸ், ஜோசஃப் கர்ட்டின் முதலானோர் நடத்தியது. இருபத்தொரு வயலின் கலைஞர்கள், மூன்று புதிய வயலின்கள், மூன்று பழையவை. பழையவற்றில் இரண்டு ஸ்ட்ராடிவேரியஸ், ஒன்று குவார்னேரி. வெல்டிங் கண்ணாடி மாட்டிக்கொண்டு மங்கிய அறையில் வாசித்தார்கள். அதிகம் பேர் விரும்பியது ஒரு புதிய வயலினை. கடைசியில் வந்தது ஒரு ஸ்ட்ராடிவேரியஸ். இரண்டு வருடம் கழித்து பாரிஸில் பத்துப் பெரிய கலைஞர்களை வைத்துச் செய்தபோதும் ஆறு பேர் புதியதையே எடுத்தார்கள். எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அவர்களுக்காவது ஏதோ ஒன்று பிடித்திருந்தது. நான் ஒரே மாண்டலினில் மூன்று மாண்டலின்களைக் கேட்டிருக்கிறேன்.

ஆனால் ஒன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். அடுத்த நாள் சோதனை எதுவுமில்லாமல் மூன்றையும் மாற்றி மாற்றி நானே வாசித்தேன். தனி ஆள் செய்த ஏ வகையில் என் கை வேறு மாதிரி போனது. பிக்கை லேசாகத் தொட்டாலும் பதில் சொன்னது, அதனால் நான் குறைவாக அழுத்தினேன். அதனால் இடது கை நிதானமானது. இது கூடத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்தவனுக்குக் கேட்காது. நான்கு வருடமாக ஒப்பிடும் அட்டவணையில் ‘கை’ என்று ஒரு பத்தி போட எனக்குத் தோன்றவே இல்லை. இதுவும் என் மனம் செய்யும் வேலையாக இருக்கலாம். கண்ணைக் கட்டினாலும் தொட்டதும் வடிவம் தெரிந்துவிடும் கருவியில் அதைச் சோதிக்க வழியும் இல்லை.

*

1985 நவம்பரில் மன்றோவின் வீட்டுக்குள் புகுந்த யாரோ, கணப்பில் நெருப்புக் கிளறும் இரும்புக் கம்பியால் அவருடைய இரண்டு எஃப்-5 மாண்டலின்களையும் அடித்து நொறுக்கினார்கள். 1923 ஜூலை 9 தேதியிட்டது நூற்றுக்கும் மேற்பட்ட சில்லுகளாகக் கிடந்தது. பொறுக்கியெடுத்த சில்லுகள் கிப்சனுக்குப் போயின. ஆமாம், பெயரைத் தோண்டி எறிந்த அதே கிப்சனுக்கு. அங்கே சார்லி டெரிங்டன் என்ற பழுதுபார்க்கும் கலைஞர், எந்தச் சில்லுக்குப் பக்கத்தில் எந்தச் சில்லு என்று மரரேகையைப் பார்த்துப் பார்த்து ஒட்டினார். 1986 பிப்ரவரியில் மன்றோவிடம் திருப்பிக் கொடுத்தார். மன்றோ அதன் பிறகு பத்து வருடம் போல அதை வாசித்தார். 1996-ல் இறந்தார். மாண்டலின் இப்போது நாஷ்வில்லில் உள்ள கண்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறது.

அந்தக் கடைசி அரை மில்லிமீட்டர் பற்றி நான் மேலே எழுதியதை இதற்குப் பக்கத்தில் வைத்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை. லோர் தட்டிக் கேட்டு அங்கீகரித்த பலகை, நூறு துண்டாகி, நூறு பசைக்கோடுகளோடு மறுபடி அதே மனிதர் கையில் அதே வெட்டைப் போட்டது. 1985-க்கு முன்னும் பின்னும் எடுத்த பதிவுகளைக் கேட்டிருக்கிறேன். என் காதின் தகுதி உங்களுக்கு இப்போது தெரியும், அதனால் தீர்ப்பு சொல்லப் போவதில்லை.

லோர் நினைத்தது நடக்காமலும் போகவில்லை. கிறிஸ் தீலி 2007-ல் 1924 பிப்ரவரி 18 தேதியிட்ட ஒரு லோரை வாங்கினார். அதற்கு முன் அவர் வாசித்தது டூடன்பாஸ்டல் செய்த ஒன்று. 2013-ல் பாக்கின் தனி வயலின் படைப்புகளை மாண்டலினில் வாசித்து வெளியிட்டார். வயலினின் கௌரவம் மாண்டலினுக்கு ஏன் இல்லை என்று 1922-ல் கேட்டதற்கு யாரோ தொண்ணூறு வருடம் கழித்து பதில் அனுப்பியமாதிரி இருந்தது.

நான் ஏ வகையைத்தான் வாங்கினேன். சுருள் இல்லை. சோதனையில் தோற்றபின்னும் அதை எடுத்ததற்கு என்னிடம் இருக்கும் காரணங்கள் இரண்டு. ஒன்று, முன்னே சொன்ன கை. இரண்டாவது, பட்டறைக்காரரோடு போனில் பேசியது. கழுத்து வளைந்தாலோ, வட கரோலினாவின் கோடை ஈரத்தில் பலகை எழும்பினாலோ யாரிடம் அனுப்புவது என்று கேட்டேன். “நான் இருக்கும்வரை எனக்கு” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, தனக்கு அறுபத்தெட்டு வயது என்றும், சீவிய கனங்களையெல்லாம் வரைபடமாக எழுதிப் பெட்டிக்குள் வைத்து அனுப்புவதாகவும், பிறகு வருகிறவருக்கு அது உதவும் என்றும் சொன்னார்.

அந்தத் தாள் வந்தது. பென்சிலில் வரைந்த மாண்டலின் வடிவம், அதன் மேல் இருபதுக்கு மேற்பட்ட இடங்களில் எண்கள். ஒரு எண்ணை அழித்து எழுதியிருக்கிறார். 3.4 என்பது 3.1 ஆகியிருக்கிறது. போன் டார்ச்சை எஃப் துளைக்குள் அடித்து அந்த இடம் எது என்று தேடினேன். உள்ளே தெரிந்தது அவர் கையெழுத்தும் தேதியும் மட்டும்தான்.

“புதுசா, பழசா?” என்றாள் சமையலறையிலிருந்து, நான் வாசிக்க ஆரம்பித்ததும்.

“நீயே சொல்லு.”

“பழசு.”